பதினொன்றாம் கேள்விக்கு என் பதில்

முப்பத்தாறு வயதில் பள்ளி ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் எல்லோரும் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்கள். மலையாளம் பேசும் எங்கள் ஊரில், சாலை என்ற கடைத்தெருவில், அப்பாவின் துணிக்கடையில் பன்னிரண்டு வருடம் நின்றவள் நான். ஆளைப் புரிந்துகொள்ள எனக்கு வினாத்தாள் வேண்டுமா என்ற திமிர் கொஞ்சம் இருந்தது.

பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வினாத்தாளையும் எங்களுக்குள்ளேயே கொடுத்துப் பழக வேண்டும். அன்றைக்கு வந்தது, மனதில் பட்டதை ஒருவர் எவ்வளவு தயங்காமல் சொல்கிறார் என்று அளக்கும் தாள். முப்பது கேள்விகள். எனக்கு ஜோடியாக உட்கார்ந்தவள் அதே ஊரில் ஸ்ரீவராகம் பகுதியிலிருந்து வரும், தமிழ் பேசும் இருபத்திரண்டு வயதுப் பெண். என் பதில்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, ரொம்பக் கொறச்சலா வந்திருக்கு. நான்தான் தப்பாக் கூட்டிட்டேனோ என்னமோ.”

அவள் தப்பாகக் கூட்டவில்லை. எங்கள் ஆசிரியை வந்து தாளை எடுத்துப் பார்த்தார். இந்த மதிப்பெண் வாங்கியவர் ஒரு குழந்தைக்காகத் தலைமை ஆசிரியரிடம் போய் எப்படிப் பேசுவார் என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி மலையாளத்தில் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

காது சுட்டது. எழுந்து நின்று, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கலாமா என்று நானும் மலையாளத்திலேயே கேட்டேன்.

பதினொன்றாவது கேள்வி: ‘வாங்கிய பொருள் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கத் தயங்குவேன்.’ ஆம் என்று போட்டிருந்தேன். சாலையில் எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். நான் ஒரு குக்கரைத் திருப்பிக் கொடுத்தால் மறுநாள் அது இரண்டு கடைகளுக்கு நடுவே மனஸ்தாபமாக நிற்கும். “இதுக்குப் பேரு பயமா, டீச்சர்?” என்றேன். அடுத்தது, பெரியவர்கள் தவறாகப் பேசினால் அந்த இடத்திலேயே மறுப்பேனா என்ற கேள்வி. இல்லை என்பது என் பதில். மறுநாள் சமையலறையில் வைத்து மறுப்பேன், பெரும்பாலும் ஜெயிப்பேன். அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

ஒரு கேள்வியில் மட்டும் தோற்றேன். சொந்தக்காரர்கள் எதையாவது கேட்டால் முடியாது என்ற சொல் எனக்கு வராது. அது உண்மை. அதையும் சொன்னேன்.

“மதிப்பெண் மதிப்பெண்தான்” என்றார் ஆசிரியை. என்னைப் பற்றிய அறிக்கையை நானே எழுதி வரச் சொன்னார்.

எழுதினேன். மதிப்பெண்ணைத் தொடவில்லை. அதன் கீழே இரண்டு பக்கம், எந்தக் கேள்வி என்னிடம் எதைத் தவறவிட்டது என்று எழுதியிருந்தேன். இரண்டு பக்கத்தின் மீதும் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டு, நீக்கிவிட்டுத் தரச் சொன்னார்.

“ரெண்டு பக்கந்தானே அக்கா, எடுத்துட்டா என்ன?” என்றாள் என் ஜோடி.

“எடுத்தா அந்தத் தாள் சொன்னது சரின்னு ஆயிடும், இல்லையா?”

கோடு போட்ட பக்கங்களோடு அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பாடத்தில் மயிரிழையில் தேறினேன். இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

பிறகு நேரடிப் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மனச்சோர்வுக்கான தாளில் ஒரு கேள்வியை மட்டும் விட்டுவைத்திருந்தாள். ‘என் அறையில் தனியாக இருக்கும்போது அழத் தோன்றுகிறது.’ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்த குடும்பம்.

“எங்க வீட்டுல ஒரே ரூம்தான் மிஸ். அஞ்சு பேரு. இதுக்கு நான் என்னத்தப் போட?”

“ஒண்ணும் போடாத. பக்கத்துல இதையே எழுது.”

காலியாக விட்டால் கம்ப்யூட்டர் எடுக்காது, நீயே ஏதாவது ஒன்றைப் போட்டுவிடு என்றார் தலைமை ஆசிரியை. போட மாட்டேன் என்றேன். நான் போட்டால் அது என் பதிலாகிவிடும், அவளுடையது ஆகாது என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தார்.

மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தேன். அழ வேண்டும்போல் இருந்தால் எங்கே போவாய் என்று கேட்டேன். இடத்தைச் சொன்னாள். அதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.