ஏழு கோழிகளும் ஒரு டேப் சுருளும்

வீரபாண்டி தும்மல் எண்ணிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் அதுதான் அவருக்கு முதல் வேலை. கோழிக்கூட்டில் காதை ஒட்டவைத்து விரல் மடக்குவார். "பாய், இன்னைக்கு பதினொன்னு. நேத்து எட்டுதான?" என்று எதிர்ப்பக்கம் கடை திறந்துகொண்டிருக்கும் என்னைப் பார்த்துக் கத்துவார். கோழித் தும்மலுக்குக் கணக்குப்பிள்ளை நான்!

ஷார்ஜா முவைலாவில் ஒரு வில்லாவுக்கு அவர்தான் தோட்டக்காரர், காவல்காரர், எல்லாம். ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். தலையில் குரங்குக் குல்லாய், அதன்மேல் துண்டு, உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், காலில் மட்டும் ரப்பர் செருப்பு. கேட்டால், "காலுக்கு என்ன பாய் குளிரு?" என்பார். இது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு வார்த்தை பேசினால் இரண்டு முறை இருமுவார். என் கடை இஞ்சி மிட்டாய்தான் மருந்து.

அது 2006 டிசம்பர். கபீலின், அதாவது முதலாளியின், தாயார் ஹஜ்ஜுக்குக் கிளம்பும்போது தன் ஏழு கோழிகளையும் இவரிடம் விட்டுப்போனார். வீரபாண்டிக்கு அவர் 'பெரியம்மா'. "தஜாஜ் தமாம், இஜாஸா தமாம்" என்று சொல்லியிருந்தார். கோழிகள் நன்றாக இருந்தால் மகனிடம் சொல்லி லீவு வாங்கித் தருவார் என்று அர்த்தம். மூன்று வருஷமாக ஊர் போகாத மனிதர் விடுவாரா? "பொங்கலுக்கு வந்துருவேன்னு நாகஜோதிகிட்ட போன்ல சொல்லிப்புட்டேன் பாய்" என்றார். நாகஜோதி அவர் மனைவி.

பெரியம்மா போன மறுநாளே மழை, பின்னாலேயே வாடைக்காற்று. குளிருக்குக் கோழியை என்ன செய்வது என்று முதுகுளத்தூரில் யார் சொல்லிக்கொடுத்திருக்கப் போகிறார்கள்? முன்பு தொழிலாளர் கேம்ப்பில் இருந்த காலத்தில் குளிர் வந்தால் ஜன்னல் ஏசியை அட்டையால் மூடி, பழுப்பு டேப் ஒட்டி அடைப்பார்கள். அவர் அதையே கூட்டுக்கும் செய்தார். என் கடை அட்டைப்பெட்டிகள் அத்தனையும் போயின. கொசு நுழையக்கூட இடம் வைக்கவில்லை.

கோழிகள் தும்ம ஆரம்பித்தன. "இன்னும் குளிருது போல" என்று இன்னொரு சுற்று டேப் ஒட்டினார். தும்மல் கூடியது. பயந்துபோய் ஒருநாள் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தார். காற்று நேராக அடிக்கவும் கோழிகள் உப்பிப்போய் மூலையில் ஒண்டின. மறுபடியும் ஒட்டினார். "மூடுனாத் தும்முது, தொறந்தா வெறைக்குது. நான் என்னத்தச் செய்ய பாய்?" அந்த வருஷம் பறவைக் காய்ச்சல் பேச்சு வேறு. டாக்டரிடம் காட்டினால் ஏழையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை. நான் மிளகு கொடுத்தேன். கோழிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவரே மென்றுவிட்டார்.

பெரியம்மா திரும்ப நான்கு நாள் இருக்கும்போது கருப்பி தீனியைத் தொடவில்லை. பெரியம்மாவின் செல்லக் கோழி அது. வீரபாண்டி கூட்டுக்குள் தவழ்ந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "குளிரு எங்குட்டு இருந்து வருதுன்னு பாத்துப்புடுறேன்." உள்ளேயிருந்து இருமல் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர், குல்லாய் நனைந்திருந்தது.

"உள்ள குளிரே இல்ல பாய்! தகரத்துல இருந்து தண்ணி சொட்டுது. எச்ச நாத்தம் கண்ணப் பிடுங்குது. மூச்சு விட முடியல."

ஈர மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்த மரத்தூளைப் பரப்பினார். கோழிகள் உறங்கும் உயரம்வரை அட்டையை விட்டுவைத்து, கூரையை ஒட்டி மட்டும் ஒரு சாண் கிழித்தார். மறுநாள் தும்மல் நாலு. அதற்கு மறுநாள் ஒன்று. கருப்பி தவிட்டைக் கொத்தியது. "காத்த உள்ள விட்டா கோழி தேறுது. என்ன கூத்து பாய் இது?" என்றார்.

பெரியம்மா வந்தார். ஏழையும் பார்த்தார். மக்கத்துப் பேரீச்சம்பழம் ஒன்றை வீரபாண்டியின் கையில் வைத்து, "இஜாஸா தமாம்" என்றார். மனிதர் சந்தோஷத்தில் சிரிக்கப்போக, இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்தபடி கேட் ஓரத்திலிருக்கும் தன் அறைக்கு நடந்தார்.

ஜன்னல் ஏசியைச் சுற்றி அட்டை, அதன்மேல் நான்கு சுற்றுப் பழுப்பு டேப். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, மேல் ஓரத்து டேப்பை நகத்தால் நெம்பி, சரியாக ஒரு சாண் கிழித்தார்.