எந்த நாடும் சீந்தாதவள்

குடியுரிமை அலுவலக அதிகாரியின் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவளே அவள்தான். சலவைக்கடையின் பின்னறையில், நீராவிக்கு நடுவே, சட்டையை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவாள். அவர் சட்டையில் கழுத்துப்பட்டை மட்டும் அழுக்கு. கைகள் பளிச்சென்றிருக்கும். வேலை செய்தால்தானே அழுக்காகும்!

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். ஆனால் பெற்றவர்கள் எல்லை தாண்டி வந்தவர்கள். அந்த நாடு அவளைத் தெரியாது என்றது; இந்த நாடு அங்கேயே போ என்றது. இப்போது மகளுக்குத் தாதியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. குடியுரிமை இல்லாவிட்டால் அதுவும் போச்சு. நாடற்றவளின் பிள்ளை இங்கே பிறந்திருந்தால் குடியுரிமை உண்டென்று சட்டமே சொல்கிறது. தாய் நாடற்றவள் என்பதை மட்டும் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மகானுபாவரோ இரண்டு வருடமாக இழுத்தடித்தார்.

கையெழுத்துக்குத் தவிர அவர் பேனாவைத் தொட்டதில்லை. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிச் சொல்லுவார். தட்டச்சுக்காரப் பெண் அடிப்பாள். ஒருமுறை ஒரு வார்த்தை விட்டதற்கு அவளை நாலு பேர் முன்னால் நார் நாராகக் கிழித்திருந்தார்.

அன்றும், அவளை எதிரே நிற்க வைத்துக் கண்ணை மூடினார்.

"உன்னை எந்த நாடும் சீந்தாது. அவங்களும் கைவிரிச்சாச்சு, எங்களுக்கும் நீ வேண்டாம். உனக்குன்னு ஒரு நாடே கிடையாது. மனு தள்ளுபடி."

"எல்லாத்தையும் போடவா சார்?" என்றாள் தட்டச்சுக்காரப் பெண்.

"நான் சொன்னதுல நீ எதை விடுவே? போடு."

அதற்குள் டீ வந்துவிட்டது. படிக்காமலே கையெழுத்திட்டார்.

வாசலில் மகள் அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். உத்தரவை வாங்கிப் படித்த இலவச சட்ட உதவி வக்கீலம்மாவுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அழாதே கண்ணு. நாம கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதை அந்த மனுஷனே எழுதிக் குடுத்துட்டார்."

மேல்முறையீட்டில் அந்த வரியைத்தான் உரக்கப் படித்தார்கள். கோபத்தில் சொன்னது என்று அதிகாரி குழைந்தார். அப்படியானால் இவள் எந்த நாட்டுக்காரி, சொல்லுங்கள் என்றார் நீதிபதி. ஊரையே அதட்டியவர் வியர்க்க வியர்க்கக் காகிதங்களைப் புரட்டினார். மகளுக்குக் குடியுரிமை; தாய்க்கு நாட்டைவிட்டு விரட்ட முடியாதபடி பாதுகாப்பு, பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி என்று தீர்ப்பானது.

அந்த வாரம் வந்த அவர் சட்டையில் முதுகெல்லாம் வியர்வை உப்புப் பூத்திருந்தது. இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தவள் மகளிடம் சொன்னாள்:

"பாவம்டி, இப்பத்தான் மனுஷன் வேலைக்குப் போயிருக்கார்."