பென்ஷன் பிரிவில் ஒரு புதுத் திட்டக்காரன்

பென்ஷன் பிரிவில் உட்காருகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். கொஞ்ச நாளில் அவனும் யாரையும் நம்ப மாட்டான்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் வாரிய அலுவலகம். எந்த வாரியம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் ஏழு மாத சர்வீஸ் பாக்கி இருக்கிறது, இந்த நேரத்தில் மெமோ வாங்கத் தெம்பில்லை. அந்தக் காலத்தில் சேர்ந்தவர்களுக்குப் பழைய திட்டம். இருக்கும்வரை மாதாமாதம் பென்ஷன். பின்னால் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் புதுத் திட்டம். சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடிப்பார்கள், வாரியமும் அதே அளவு போடும், கடைசி நாளில் மொத்தமாகக் கொடுத்து ஒரு சால்வையும் போர்த்தி அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் கிடையாது. அந்த மொத்தத் தொகையை வங்கியில் போட்டுத்தான் நானும் என் மனைவியும் மிச்ச காலத்தைத் தள்ள வேண்டும். பிடித்தது எனக்குத் தெரியும், சம்பளச் சீட்டில் இருக்கிறது. வாரியம் போட்டதா, போட்டது எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். நீங்களும் எங்காவது ஒரு ஜன்னலுக்கு முன்னால் இப்படி நின்றிருப்பீர்கள், உங்களுக்குப் புரியும்.

தேய்ந்த ரேகை

பென்ஷன்காரர் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து தான் இன்னும் சாகவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு நேர்காணல் என்று கௌரவமான பெயர். முன்பெல்லாம் முகத்தைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். இப்போது கட்டை விரலை மெஷினில் வைக்க வேண்டும்.

செம்பாக்கம் தசரதன் எங்கள் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். ஐந்து முறை விரலை வைத்தார். வேட்டியில் துடைத்து வைத்தார், எச்சில் தொட்டு வைத்தார். மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை, ரேகை எங்கே இருக்கும்? "கவலைப்படாதீங்க, அதிகாரி கையெழுத்து போட்ட படிவம் குடுத்தா போதும்" என்றேன். அவர் நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"டெய்லி நாலு பேருக்கு ரேகை வுழலன்னா கவர்மெண்டுக்கு எவ்ளோ மிச்சம்னு நானும் போட்டுப் பாத்துக்கினுதான் கீறேன் சார்."

வரி கட்டுகிறவர்

கட்டடத்தின் சொந்தக்காரர் ஏகாம்பரம். படப்பைப் பக்கம் நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட்டாகிவிட, இப்போது வாடகை வாங்கியே காலம் தள்ளுகிறார். மாதம் பிறந்தால் படியேறி வந்து என் எதிரில் உட்காருவார். அந்த வாரம் பேப்பரில், பென்ஷன் கொடுக்கப் பணம் போதாமல் வாரியங்கள் அரசாங்கத்திடம் கை நீட்டுகின்றன என்று செய்தி வந்திருந்தது. மனுஷன் அதை மடித்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? உங்க ஆளுங்க துட்ட தீத்துட்டு நிப்பாங்க, கவர்மெண்டு வந்து தூக்கி வுடணுமா? கவர்மெண்டு துட்டுன்னா யார் துட்டு? எங்க துட்டு. நான் நொடிஞ்சா எவன் வருவான்?" என்று ஆரம்பித்தார். "அண்ணா, இது சும்மா குடுக்கறது இல்ல. வேலை செய்யும்போதே பேசின கூலி. பாதி அப்போ, பாதி அப்புறம்னு பேச்சு. அந்த அப்புறத்துக்கு எடுத்து வைக்கவேண்டியதை மேல இருந்தவங்க எடுத்து வைக்கல. அதுக்கு ஃபிட்டர் என்ன பண்ணுவான்?" என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு சந்தேகம். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே, ஒவ்வொரு முறையும் அரசாங்கம் தூக்கிவிடும் என்று தெரிந்தால் எவன் எடுத்து வைப்பான்?

ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினார். அவர் மச்சான் எங்கள் வாரியத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவராம், மூன்று மாத அகவிலைப்படி நிலுவையாம். "இதுவும் உங்க வரிப் பணத்துலதானே அண்ணா வரணும்?" என்று கேட்டேன்.

"அது வேற சார். அது நம்ம வூட்டு பென்ஷன்."

ஏ. யோகநாதன்

யோகநாதன் சார் எங்கள் அலுவலகத்திலேயே தலைமை எழுத்தராக இருந்தவர். கோவிலம்பாக்கத்தில் சொந்த வீடு, மடிப்புக் கலையாத சட்டை, எதையும் எழுத்தில் கொடுக்கும் பழக்கம். ஒருநாள் எழுத்தில்தான் கொடுத்தார். இதுவரை ‘யோகநாதன் ஏ.’ என்று இருக்கும் தன் பெயரை இனிமேல் ‘ஏ. யோகநாதன்’ என்று பட்டியலில் ஏற்றும்படி கோரிக்கை. ஏ என்பது அவருடைய அப்பா ஆறுமுகத்தின் இனிஷியல்.

எதற்கென்று கேட்டேன். பென்ஷன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதமாக ஆராய்ச்சி நடக்கிறதாம். முதல் தேதி காலையில் யார் யாருக்கு எப்போது பணம் ஏறியது என்று எல்லோரும் பதிவு போட, இவர் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பணம் இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படிதான் ஏறுகிறது, ஏயில் ஆரம்பிக்கிறவர்கள் காபி குடிக்கும்போதே வாங்கிவிடுகிறார்கள், ஒய்யில் ஆரம்பிக்கிற தனக்கு மத்தியானம் ஆகிறது என்றார். "அரை நாள்தானே சார், அதுக்குப் போய் பேரை மாத்துவாங்களா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒருநாள் நடுவுல பணம் தீந்துபோகும் தம்பி. அன்னிக்கு நான் முன்னாடி நின்னுட்டிருக்கணும்."

எஸ்ஸோடு நின்றது

அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அடுத்த மாதமே எங்கள் கண்காணிப்பாளர் சந்திரா மேடம் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நிதானமான மனுஷி. அரசாங்கத்திடம் கேட்ட தொகை வரவில்லை, கையில் இருப்பது எஸ் வரைக்கும்தான் காணும், அதுவரை முதல் தேதி போட்டுவிடுங்கள் என்றார். "மீதிப் பேர் கேட்டா என்ன சொல்றது மேடம்?" என்றேன். சர்வர் கோளாறு என்று சொல்லச் சொன்னார்.

அன்றைக்கு நான் சொன்ன பொய்களுக்கு அளவே இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. மருந்து வாங்க வேண்டும் என்றவரிடமும் சர்வர், வீட்டு வாடகை என்றவரிடமும் சர்வர். யோகநாதன் சாருடைய பெயர் மாற்றம் இன்னும் அனுமதியாகவில்லை, அவரும் விடுபட்டவர்களில் ஒருவர். போன் செய்தார். நான் சர்வர் என்று ஆரம்பித்ததும் நடுவில் மறித்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தப்ப சர்வர் கிடையாது தம்பி, அதனால டெஸ்பாட்ச்ல லேட்டுன்னு சொல்லுவேன்."

முந்தைய கோப்பு பார்க்கவும்

நான்கு நாள் கழித்து மேடம் வழி கண்டுபிடித்துவிட்டார். விடுபட்டவர்களுக்குப் புதுத் திட்டப் பிடித்தத்திலிருந்து தற்காலிகமாக எடுத்துக் கொடுப்பது, அரசாங்கப் பணம் வந்ததும் திருப்பி வைப்பது. ஒப்புதலுக்கான குறிப்பை நான் எழுத வேண்டும். புதுத் திட்டப் பிடித்தம் என்றால் வேறு யாருடையது? என் வயிற்றெரிச்சலை நானே சுத்தமான அலுவலகத் தமிழில் எழுத வேண்டும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மருந்து வாங்க வேண்டும் என்றவரின் முகம் கண் முன்னால் வந்தது. ஆத்திரமும் வந்தது, பேனாவும் ஓடியது.

எங்கள் ஆபீஸில் எதற்கும் முன்னுதாரணம் காட்ட வேண்டும். முன்னால் எப்போதாவது இப்படிச் செய்திருக்கிறதா என்று பழைய கோப்புகளை இறக்கினேன். ஒன்று இருந்தது. அதன் அடியில் இன்னொன்று இருந்தது. இரண்டிலும் ‘தற்காலிகமாக’ என்று அடிக்கோடு போட்டிருந்தது. திருப்பிச் செலுத்திய விவரம் என்ற இடம் இரண்டிலும் வெறுமையாக இருந்தது. அதுவரை என் பணத்தைப் பற்றி எனக்கு இருந்தது வெறும் சந்தேகம், இப்போது அதற்குக் கோப்பு எண்ணே கிடைத்துவிட்டது. குறிப்பை எழுதி மேடம் மேஜையில் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"உங்க கையெழுத்துல எழுதினா ஃபைல் எங்கயும் நிக்காது சார்."

மைசூர்பாகு

மறுநாள் எல்லோருக்கும் பணம் ஏறிவிட்டது. யோகநாதன் சார் கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து மைசூர்பாகோடு வந்தார். போனில் பேசிய பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டார், நல்ல மனுஷர். பேரன் பள்ளிக்கூடப் பணத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருக்குமோ என்று இரண்டு நாள் தூங்கவில்லையாம். என்ன இருந்தாலும் அரசாங்கம் மனசு வைத்தது, பாருங்கள் என்று பெட்டியைப் பிரித்தார். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அது அரசாங்கம் இல்லை சார், நான்தான் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த துண்டு அவருக்கு இறங்காது. பேச்சுவாக்கில் என்னைக் கேட்டார், உங்களுக்கு எப்போது ரிட்டயர்மெண்ட், எந்தத் திட்டம் என்று. எட்டு மாதம், புதுத் திட்டம் என்றேன். அவர் பெட்டியை மொத்தமாக என் பக்கம் தள்ளி வைத்தார்.

"உங்களுக்கென்ன தம்பி, சொந்தப் பணம். எங்கள மாதிரி யார் கையையும் எதிர்பாக்க வேணாம்."

எனக்கு எப்போது?

அவர் போன பிறகு நேராக சந்திரா மேடம் அறைக்குப் போனேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்தேன். பழைய கோப்புகள் இரண்டையும் மேஜையில் வைத்து, வெறுமையாக இருந்த இடங்களைக் காட்டி, "நான் போற அன்னிக்கு என் பணம் இருக்குமா மேடம்? நேராச் சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் புதுத் திட்டம்தான், அவருக்கு இன்னும் பத்துப் பதினோரு வருடம் இருக்கிறது. பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னை ஆறுதல்படுத்துகிற குரலில் உண்மையையே சொன்னார்.

"கவர்மெண்ட் குடுத்தா அதுல குடுத்துடுவோம். குடுக்கலன்னாலும் பயப்படாதீங்க சார், உங்களுக்கு அப்புறம் சேர்ந்தவங்க பிடித்தம் மாசாமாசம் வந்துட்டுதானே இருக்கு?"

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் ஆளாகப் போய்க் கை குலுக்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.