குடிநீர்த் தொட்டியில் ஒரு காகம்

போன வெள்ளிக்கிழமை மதியம், ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் என் செல்போன் அலறியது. என் மனைவி கலா. பெங்களூர் விவேக் நகரில் ஒரு சின்னப் பள்ளியில் தமிழ் டீச்சர்.

“என்னங்க... பிளாகுல போட்டதை எப்படி அழிக்கிறது? சீக்கிரம் சொல்லுங்க!”

“டெலிட் பட்டனை அமுக்கு. ஏன், என்ன ஆச்சு?”

“வீட்டுக்கு வந்து சொல்றேன்!”

தமிழ் வகுப்புக்கும் பிளாகுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எல்லாம் நான் இழுத்துவிட்ட வினை. கட்டுரை என்றாலே ஏழாம் வகுப்பு கொட்டாவி விடுகிறது என்று தினமும் புலம்புவாள். “பசுவுக்கு நாலு காலுன்னு எத்தனை தடவைங்க திருத்துறது?” பொறுக்க முடியாமல் வகுப்புக்கு ஒரு பிளாக் திறந்து கொடுத்தேன். பிரின்சிபால் பிலோமினா மேடம், சோதனையாக ஒரே ஒரு மாதம், மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் ரூமைக் கொடுத்தார். தொடரலாமா, வேண்டாமா? திங்கட்கிழமை சொல்வதாக ஏற்பாடு.

அந்த ஒரு மாதம் இருக்கிறதே... திருவிழாதான்!

எல்லாப் பத்திரிகைகளின் செய்திகளும் ‘ஃபீட் ரீடர்’ என்ற மென்பொருள் வழியாக ஒரே திரையில் தானாக வந்து கொட்டும். ஒருநாள் ஒன்று ‘பெங்களூரில் கனமழை’ என்றது. இன்னொன்று ‘லேசான தூறல்’. எது சரி?

“ஜன்னலைத் திறந்து பாருங்க!” என்றாள் கலா.

மொத்த வகுப்பும் ஜன்னலுக்கு ஓடியது. வெளியே சுள்ளென்று வெயில்! பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் ஓடி வந்துவிட்டாராம். அன்றிலிருந்து வகுப்பில் ஒரே சட்டம் — பார்த்துவிட்டு எழுது. தண்ணீர் லாரிச் சண்டை, தெருவில் தோண்டி மூடாத பள்ளம்... பிளாக் நிரம்பி வழிந்தது. கொட்டாவி விட்டவர்கள் எல்லாம் “மிஸ், என்னுது மொதல்ல!” என்று அடித்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் வந்தது அந்த வெள்ளிக்கிழமை. அருள்மேரி என்கிற பெண் எழுதியிருந்தாள்:

‘நம் பள்ளிக் குடிநீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. தினமும் இன்டர்வெல் நேரத்தில் ஒரு காகம் அதில் ஆனந்தமாகக் குளிக்கிறது. பிறகு நாம் அதைக் குடிக்கிறோம்.’

கலாவுக்கு வியர்த்துவிட்டது. திங்கட்கிழமை முடிவு சொல்லப்போகிறவர் இதைப் படித்தால்? கம்ப்யூட்டர் ரூம் அவ்வளவுதான்! அதனால்தான் அந்த போன். நல்லவேளை, அழித்தாகிவிட்டது.

மாலையில் கதை கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பிரின்சிபாலை அசத்துகிறேன் பேர்வழி என்று, அவர் கம்ப்யூட்டரில் ஃபீட் ரீடர் போட்டுக் கொடுத்தவனே நான்தானே! பிளாகில் எதைப் போட்டாலும், வாசலில் பேப்பர் விழுவது போல அங்கே போய் விழும். அப்புறம் பிளாகில் அழித்து என்ன பிரயோஜனம்? விழுந்த பேப்பர் விழுந்ததுதான்.

“கவுத்துட்டீங்களே!” என்றாள் கலா. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரசத்தில் உப்பே இல்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

திங்கட்கிழமை இன்டர்வெல் முடிந்ததும் மேடம் கூப்பிட்டனுப்பினார்.

“காக்கா நியூஸ் எழுதினது யாரு?”

“அருள்மேரி... சின்னப் பொண்ணு மேடம், தெரியாம—”

“அழிச்சது?”

“நான்தான் மேடம்.”

“ஏன்மா, அவ எழுதினது பொய்யா?”

“இல்ல மேடம்...”

“பின்னே ஏன் அழிச்சே? திரும்பப் போடு. ரூம் இந்த வருஷம் பூரா உங்களுக்குத்தான். ஆனா நியூஸ்ல ஒரு மிஸ்டேக் இருக்கு. அதைத் திருத்தச் சொல்லு.”

கலாவுக்கு மறுபடி வியர்த்தது. என்ன மிஸ்டேக்?

மேடம் இன்டர்வெல்லில் தானே மாடியேறி, கம்ப்யூட்டர் ரூமின் அதே ஜன்னலில் நின்று தொட்டியைப் பார்த்திருக்கிறார்.

“ஒரு காக்கா இல்லமா. ரெண்டு!”

கலா போனில் இதைச் சொன்னபோது ஆபீஸ் என்றும் பார்க்காமல் கைதட்டிவிட்டேன். யோசித்துப் பாருங்கள் — பார்த்துவிட்டு எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர்கள் நம் பக்கமே திரும்பிப் பார்த்துவிட்டால்? உடனே டெலிட் பட்டனைத் தேடுகிறோம்!

தொட்டிக்குப் புது மூடி வந்துவிட்டது. காகங்கள் இரண்டும் அதன் மேல் உட்கார்ந்து ஏழாம் வகுப்பைத் திட்டித் தீர்க்கின்றனவாம்... நேரில் பார்த்து எழுதியிருக்கிறாள் அருள்மேரி!