எதிர்த்தரப்பு வக்கீல் தந்த பரிந்துரை

சில வருடங்களுக்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நான் வக்கீலாக இருந்தபோது நடந்தது இது. தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பித்திருந்தேன். நுழைவுத் தேர்வில் தேறியாயிற்று. என் வேலையை அறிந்த ஒருவர் கல்லூரிக்கு நேரடியாகப் பரிந்துரை அனுப்ப வேண்டும். அதை நான் பார்க்க முடியாது. என் சீனியர் வக்கீலிடம் கேட்கப் பயம். இடம் கிடைக்காவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடுமே!

பஸ்ஸில் நான் நேர்முகத் தேர்வுக்கான புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து ஒருவர் விஷயத்தைக் கறந்துவிட்டார். ஒரு வழக்கில் எனக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அவர்.

"நான் எழுதித் தாரேம்மா. ஒங்ககிட்ட அம்புட்டு அடி வாங்கிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு எதற்குச் சும்மா உதவ வேண்டும்?

மறுநாளே எங்கள் வழக்கு வந்தது. தளவாய்புரத்தில் நைட்டி தைத்து விற்கும் ஒரு அக்கா என் கட்சிக்காரர். அவருடைய கடையைக் காலி செய்யச் சொன்ன கட்டட உரிமையாளருக்கு இவர் வக்கீல். எங்கள் சாட்சியை அன்று இவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்த சாட்சி. விட்டால் மறுபடி வர மாட்டார். இவரோ காய்ச்சல் என்று வாய்தா கேட்டார்.

ஓஹோ, பரிந்துரைக்கு விலை இதுதானா! நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வாய்தா கிடைத்துவிடும். அந்த அக்காவோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கடுமையாக ஆட்சேபித்தேன். நீதிபதி வாய்தா தரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மேஜையைப் பிடித்துக்கொண்டே விசாரணையை முடித்தார். கை நடுங்கியது. என்ன நடிப்பு என்று நினைத்தேன். எம்.பி.ஏ. ஆசையையும் அன்றே தலைமுழுகிவிட்டேன்.

ஆனால் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். உங்களுக்குப் பரிந்துரை எழுதுபவருக்கே வாய்தா கிடைக்காமல் தடுத்தீர்களாமே என்பதுதான் முதல் கேள்வி. தனக்கு வேண்டிய காரியம் கெட்டாலும் கட்சிக்காரரை விட்டுக்கொடுக்காத பெண், இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே எழுதியிருந்தாராம்.

இடம் கிடைத்தது. ஊருக்கு வந்ததும் நேரே அவரிடம் போனேன். சந்தேகம் அப்போதும் விடவில்லை. "என்னைச் சோதிக்கத்தானே சார் வாய்தா கேட்டீங்க?" என்றேன்.

சிரித்தார். "சோதனையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. நெசமாவே காய்ச்சல். அன்னைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரில படுத்துட்டேன். அங்க இருந்துதான் ஒங்களுக்கு எழுதி அனுப்புனேன்."

அன்று நான் ஆட்சேபித்தது சரிதான். ஆனால் அந்தக் கை நடுங்கியதை நடிப்பு என்று நினைத்தேனே, அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.