பூட்டிய வீடும் மொட்டைத் தலையும்

எங்கள் தெருக் கூட்டத்துக்கு வந்த பெண் போலீஸ் ஒருவர், எல்லோருடைய செல்போனிலும் காவல்துறை ஆப்பை ஏற்றிவிட்டுப் போனார். வெளியூர் போகும்போது அதில் முகவரியைப் பதிந்தால் போதும், ரோந்து வருகிறவர்கள் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வார்களாம்.

சிவகாசியில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். காலண்டர் சீசன் முடிந்ததும் மொட்டை போடும் நேர்த்திக்கடனுக்காக மனைவியோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினேன். மறக்காமல் ஆப்பில் பதிந்தேன். மச்சினனிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

மனைவியின் அண்ணன் அவர். சாத்தூர்ப் பக்கம் விவசாயம். தோட்டத்தில் எது காய்த்தாலும் ஒரு சாக்கு எங்களுக்கு வந்துவிடும். கேட் பூட்டியிருந்தால் சுவரேறிக் குதித்து, பின்வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். மனைவி மாலை வாங்கப் போயிருந்தாள். போன் அடித்தது.

"சார், ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம். உங்க வீட்டுச் சுவர் ஏறிக் குதிச்ச ஆளைப் பிடிச்சு வச்சிருக்கோம். உங்க மச்சினன்னு சொல்லுதாரு."

வீடியோவில் வரச் சொன்னேன். போலீஸ்காரருக்குப் பக்கத்தில், வெள்ளரிக்காய் மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி மச்சினன்.

"அவரேதான் சார், விட்ருங்க" என்றேன்.

போலீஸ்காரர் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இவருதானா உங்க மாப்பிள்ளை?"

மச்சினன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இந்த மொட்டை யாருன்னே தெரியலையே சார்!"

போலீஸ்காரரின் குரல் மாறியது. "அவருக்கு உங்களைத் தெரியலைங்காரே?" நல்லவேளை, மனைவி மாலையோடு வந்து சேர்ந்தாள். போனைப் பிடுங்கிக் கத்தினாள்: "அண்ணே, இவுகதான்! இப்பத்தான் மொட்டை போட்டாக!"

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு அடங்க நேரமானது. ஸ்டேஷனில் ஆளுக்கு நாலு வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டே மச்சினன் ஊர் திரும்பினாராம்.

சாயங்காலம் திரும்பும் வழியில், சமாதானம் சொல்ல அவர் வீட்டுக்குப் போனோம். போலீஸ் பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் கோபமே வேறு.

"காலையில எங்க ஊரைத் தாண்டித்தானே போயிருக்கீக? ஒரு எட்டு உள்ள வரக்கூடாதா மாப்ளே? போலீசுக்கெல்லாம் சொல்லத் தெரியுது, எனக்குச் சொல்லத் தெரியலையா?"

தலையைத் தடவிக்கொண்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.