மழலையர் பள்ளிக்குக் கீழே துப்பாக்கி: முர்க் பள்ளத்தாக்கில் ஓர் ஊர்க்கூட்டம்

அக்டோபர் இரண்டாம் வாரம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் மழை விட்டிருந்தது. அலுவலகத்தில் எல்லாரும் பக்கத்திலுள்ள கருங்காட்டு மலைகளில் இலைகள் நிறம் மாறுவதைப் பற்றியே பேசினார்கள். வெள்ளிக்கிழமை மதியமே லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பினேன். போனது இலை பார்க்கத்தான். எழுத உட்கார்ந்ததோ வேறொன்றைப் பற்றி.

கார்ல்ஸ்ரூஹே ரயில் நிலையத்திலிருந்து முர்க் பள்ளத்தாக்கு வழியாக மேலே போகும் ரயிலில் எழுபது நிமிடம். நாடு முழுக்கச் செல்லும் மாதப் பயணச்சீட்டு இருந்தால் தனியாக டிக்கெட் வேண்டாம். போகும்போது ஜன்னலோர இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு ஒருமுறை இந்தப் பக்கம் வரும், ஒருமுறை அந்தப் பக்கம். நான் இறங்கிய ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

தங்கியது சுகந்தி அக்கா வீட்டு மாடி அறையில். காலைச் சாப்பாட்டோடு இரவுக்கு 48 யூரோ. அக்காவும் அவர் கணவர் யோகன் அண்ணையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அக்காவுக்கு ஊர் மழலையர் பள்ளியில் வேலை. அண்ணை ஊர்த் துப்பாக்கிச் சங்கத்து உறுப்பினர், வாரம் ஒருநாள் இலக்கு வைத்துச் சுடுவார். ஜெர்மனியில் சின்ன ஊர்களில்கூட இப்படி ஒரு சங்கம் இருக்கும்.

பையை வைத்ததும் அக்கா சொன்னார், "இண்டைக்கு ஏழு மணிக்கு ஊர்க்கூட்டம். சாப்பாடு மேசையில வைச்சிருக்கிறன், எடுத்துச் சாப்பிடுங்கோ."

"நானும் வரலாமா அக்கா? சும்மா வேடிக்கை பார்க்க."

"ஓம், வாங்கோ. ஆனா நானும் இவரும் ஒண்டா இருக்க மாட்டம். இவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

விஷயம் இதுதான். சங்கத்தின் பழைய கட்டடத்தில் கூரை இறங்கிவிட்டது, இப்போதைக்குப் பக்கத்து நகரச் சங்கத்தில் போய்ச் சுடுகிறார்கள். ஊர் மண்டபத்தின் நிலவறையைத் தங்களுக்குத் தரும்படி சங்கம் கேட்டது. சுடுவதும் அங்கேதான், துப்பாக்கிகளை வைப்பதும் அங்கேதான். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் அக்காவின் பள்ளி.

"சட்டப்படி எல்லாம் சரி. இரும்புப் பெட்டி, பூட்டு, சோதினை. இதில பயப்பிட என்ன இருக்கு?" என்றார் அண்ணை, காலணிக் கயிற்றைக் கட்டியபடி.

"பயம் சட்டம் பாத்து வாறேல்லை," என்றார் அக்கா.

மூவரும் ஒன்றாகவே நடந்து போனோம்.

நம் ஊர் டிவி விவாதங்களில் எதிராளியை மடக்க எளிய வழி, 'நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்' என்று சொல்லிவிடுவது. அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவும் எடுபடாது. இங்கே கூட்டத்தை நடத்திய பெண்மணி தொடக்கத்திலேயே சொன்னார்: முதல் ஒரு மணி நேரம் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள், யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. இடைவேளை. பிறகு கேள்விகளும் விவரங்களும் மட்டும். நாடகமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஓர் இளம் தந்தை எழுந்து, தன் மகள் தூங்கும் அறைக்குக் கீழே துப்பாக்கி என்றால் அவளை அங்கே விட்டுவரவே மனம் வராது என்றார். மனைவியை இழந்த ஒரு முதியவர், வாரத்தில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே இடம் சங்கம்தான் என்றார். அக்கா எழுந்தார். "பள்ளியில் கனமாக ஏதாவது விழுந்தால், சத்தம் வந்த திசையை நான் பார்ப்பதில்லை. முதலில் பிள்ளைகளை எண்ணுகிறேன்," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அமர்ந்தார்.

அண்ணையின் முறை வந்தது. கையில் சட்ட விதிகளை அச்செடுத்து வைத்திருந்தார். அது இரண்டாம் பகுதிக்கு என்றார் நடத்தியவர். அண்ணை தாளை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் இப்படிப் புரிந்துகொண்டேன்:

"பதினேழு வயதில் ஒரு சோதனைச் சாவடியில் என்னை முழங்காலில் நிறுத்தினார்கள். பின்கழுத்தில் துப்பாக்கி முனை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இங்கே சங்கத்துக்குப் போன முதல் நாள், சுட்டு முடித்ததும் குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மேசையில் வைத்து, தள்ளி நிற்கச் சொன்னார்கள். எல்லாரும் அப்படியே செய்தார்கள். அத்தனை துப்பாக்கிகள், ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. அதைப் பார்க்கத்தான் வாராவாரம் போகிறேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்கும் இது புதிது என்று முகத்தில் தெரிந்தது.

இடைவேளையில் ஆப்பிள் சாறு கொடுத்தார்கள். அக்காவும் அண்ணையும் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் நின்றார்கள்.

இரண்டாம் பகுதியில் முதல் கேள்வி அக்காவுடையது. "பெட்டிச் சாவி இரண்டு பேரிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டில் இருவரும் விடுமுறையில் போனால் சாவி எங்கே இருக்கும்? அப்போது குழாய் உடைந்தால் அந்த அறைக்குள் யார் போவார்கள்?"

சங்கத் தலைவர் தாள்களைப் புரட்டினார். நிமிர்ந்து, "தெரியவில்லை. நாங்கள் இதை யோசிக்கவில்லை," என்றார். யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவும் இல்லை. முந்நூறு பேருக்கு முன்னால் ஒருவர் அப்படிச் சொன்னதும், அதை யாரும் வெற்றியாகக் கொண்டாடாததும் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தக் கேள்வியை அக்காவின் பயம்தான் கண்டுபிடித்தது. பயப்படாதவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

கடைசியில் சங்கத் தலைவரே ஒரு யோசனை சொன்னார்: நிலவறையில் காற்றுத் துப்பாக்கிகள் மட்டும், அதுவும் பள்ளி மூடிய பிறகு. மற்றவை பக்கத்து நகரச் சங்கத்தில். முடிவெடுப்பது ஊர் மன்றம்தான். கூட்டத்தின் கருத்தை அறியக் கை தூக்கச் சொன்னார்கள். அண்ணை உடனே தூக்கினார். அந்த யோசனைப்படி அவர் தன் துப்பாக்கியால் சுட இனி எப்போதும் 25 கிலோமீட்டர் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் தூக்கினார்கள். அக்கா தூக்கவில்லை.

வீடு திரும்பும்போது, "கை தூக்க எனக்கு இன்னும் ஏலாது," என்றார் அக்கா. அண்ணை "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை ஆற்றோரமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தேன். பீச் (beech) மரங்கள் செம்பு நிறத்தில் நின்றன. பாதை சுலபம், ஆனால் ஈர இலை வழுக்கும். நல்ல காலணி போடுங்கள். ஞாயிறு கடைகள் கிடையாது, சனிக்கிழமையே ரொட்டி வாங்கிவிடுங்கள். போகிற ஊரில் கூட்டம் ஏதும் நடக்கிறதா என்று அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். மொழி பாதிதான் புரிந்தாலும் போய் உட்காருங்கள். எந்த அருங்காட்சியகத்தையும்விட அதில் நாடு நன்றாகத் தெரிகிறது. உணர்ச்சியும் தர்க்கமும் எதிரிகள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த ஊரில் இரண்டுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை, இடியப்பமும் சம்பலும் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, என்னைப் பார்க்காமல் அண்ணையிடம் கேட்டார்.

"அடுத்த முறை எப்ப போறியள்?"

"புதன். பக்கத்து நகரத்துக்கு."

"நானும் வாறன். சுட இல்லை. நீங்கள் அதை மேசையில வைக்கிறதைப் பாக்க."

அண்ணை சம்பல் கிண்ணத்தை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

"காதுக்கு மூடி தருவினம்," என்றார்.